மாமா வீட்டைப் பிரெஞ்சில் இடித்த கதை

முசே பெர்னார் சுவரில் விரலை வைத்தார். வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த விரலை நான் இன்னும் மறக்கவில்லை. நீளமான, சுத்தமான, நுனியில் மட்டும் பென்சில் கரி படிந்த விரல். விரலுக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அத்தை. நடுவில், இஸ்திரி போட்ட சட்டைக்குள் வெந்துகொண்டு நான். கொல்லிமலையிலிருந்து இறங்கிய காற்று எங்கள் நான்கு பேரையும் வரிசையாக முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகச் சோளக்காட்டுக்குள் போனது.

சுவரைப் பற்றி நான் இப்போது பிரெஞ்சில் பேசியாக வேண்டும். சுவரைப் பற்றிப் பிரெஞ்சில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அது வெடித்திருக்கிறது என்பது.

சுவர் வெடித்திருக்கவில்லை.

பிரெஞ்சு தெரிந்தவன் ஆனது

போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வரி. இருபத்து மூன்றோ இருபத்து நான்கோ வயதில் வீட்டில் சொல்லாமல் புதுச்சேரிக்குப் போய், ஒரு துணிக்கடையில் பத்து மாதம் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார அங்கே எதுவும் கிடையாது.

கடைக்கு வரும் துரைசானிகளுக்கு ‘போன்ஷூர்’ சொல்வது, துணியை அளப்பது, நூறு வரை எண்ணுவது, ‘மெர்சி’ சொல்லிக்கொண்டே வாசல் வரை குனிந்து போவது. என் பிரெஞ்சுக் கல்வி இவ்வளவுதான். மிச்ச நேரத்தில் கடலைப் பார்த்தேன், கவிதை எழுதினேன். இரண்டுக்கும் முதலாளி சம்பளம் தர மறுத்ததால் ராசிபுரத்துக்கே திரும்பினேன்.

திரும்பியவன் வாயை மூடிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. தண்ணீர் தந்த அம்மாவுக்கு ‘மெர்சி’ சொன்னேன். தறிக்குப் பாவு நூல் காயப்போட்டவர்களுக்குப் ‘போன்ஷூர்’ சொன்னேன். எங்கள் தெருவில் என் பெயரே ‘பிரெஞ்சுக்காரர்’ ஆகிவிட்டது.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு வெளிநாட்டு மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, முழங்காலுக்குத் தடவ வேண்டியது என்று சொன்னேன். அது இருமலுக்குக் குடிக்கும் ஜெர்மன் மருந்து என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. ஆனால் பெரியவருக்கு முழங்கால் வலி போய்விட்டது. அதற்குப் பிறகு என் பிரெஞ்சை ராசிபுரத்தில் யாரும் சந்தேகிக்கவில்லை. நானும்கூட.

எதிர்த்துப் பேசிய உருளை

அர்த்தநாரி மாமா என் அம்மாவின் தம்பி. சேலை வியாபாரம். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவருக்குக் காற்றின் மேல் ஆசை வந்தது. நெசவுத் தெருவை விட்டு, சேந்தமங்கலத்தையும் தாண்டி, மலையைப் பார்த்த ஒரு மேட்டில் வீடு கட்டினார்.

வீடென்றால் வீடு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சுவர். உள்ளங்கையை வைத்தால் குளிர்ந்த மோர்ப்பானையைத் தொட்டது போல் இருக்கும். மங்களூர் ஓடு. தேக்குக் கதவு. ஜன்னலுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக நாலு கண்ணாடி. இரும்பு உருளை போட்ட கிணறு. நெசவை விட்டு வியாபாரத்துக்குப் போனவர் என்றாலும், மேற்கு அறையில், கால் விட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழி ஒன்றையும் வெட்டி வைத்தார். குழி இல்லாத வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது.

சுற்றிலும் சோளம். சோளத்துக்கு அப்பால் சோளம். அதற்கு அப்பால் மலை.

கட்டியவர் அதில் இருந்தாரா என்றால் இல்லை. திங்கட்கிழமை மூட்டையைத் தூக்கினால் சந்தை சந்தையாகச் சுற்றி வெள்ளிக்கிழமை வருவார். ஐந்து நாள் ஓயாமல் பேசி வியாபாரம் செய்த வாய், வீட்டுக்கு வந்தால் சோற்றுக்கு மட்டும்தான் திறக்கும்.

பாவாயி அத்தை வளர்ந்ததோ நாற்பது தறி ஒன்றாக அடிக்கும் தெருவில். அந்தத் தெருவில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரியோடு சண்டை போட்டபடியே குழம்பைக் கூட்டுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கொதித்து, ஒரே நேரத்தில் இறங்கும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ச் சோளத்துக்கு நடுவில் வைத்துவிட்டார் மாமா.

ஒருமுறை நான் போனபோது கிணற்றடியில் அத்தை யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. உருளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை இழுத்தால் அது கிறீச்சிடும், இவள் ஒன்று சொல்வாள், மறுபடி இழுப்பாள், அது ஒன்று சொல்லும். எண்ணெய் விடட்டுமா என்று கேட்டேன்.

“உட்றாத சாமி,” என்றாள் அத்தை. “இந்த ஊட்ல அது ஒன்னுதான் எதுத்துப் பேசுது.”

இப்படி ஏழு வருடம். கடைசியில் ஒருநாள், வீட்டை விற்றுவிட்டு ராசிபுரத்துக்கே போகலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள். ஆள் வந்தால் பார்க்கலாம் என்றார் மாமா. நாலு வருடமாக ஆள் வரவில்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அந்தப் பக்கம் வீடு வாங்க யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து என் நண்பன் சவரிநாதன் கடிதம் எழுதினான். முசே பெர்னார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் சேலத்தில் பாதிரியார். அண்ணனுக்கும் பக்கமாக, நெஞ்சுச் சளிக்கும் நல்லதாக, மலையடிவாரத்தில் ஒரு வீடு தேடுகிறார். தமிழ் தெரியாது, அதனாலென்ன, உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே என்று முடித்திருந்தான்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உருளைக் கயிறு இழுத்த கை. விடுவிக்க முடியவில்லை.

“இந்தத் தொரையும் வாங்காமப் போயிட்டாருன்னா, நா இந்தச் சோளத்தோட பேசியே சாகோணும். நீதாஞ் சாமி அவுருகிட்டப் பேசி முடிக்கோணும்.”

எனக்குப் பிரெஞ்சு தெரியாது அத்தை என்று அப்போது சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு முழங்கால் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

உபயோகமான நாற்பது வாக்கியங்கள்

வீடு விற்க உபயோகமான பிரெஞ்சு வாக்கியங்களை எழுதி அனுப்பு, தமிழ் எழுத்திலேயே எழுது என்று சவரிநாதனுக்கு எழுதினேன். பத்தாம் நாள் வந்தது. முத்து முத்தான கையெழுத்தில் நாற்பது வாக்கியம், பக்கத்தில் அர்த்தம்.

ராசிபுரத்து ஏரிக்கரையில் நடந்துகொண்டே உருப்போட்டேன். வாசகர்களில் யாராவது பிரெஞ்சுக்காரர்களுக்கு வீடு விற்கும் உத்தேசத்தில் இருந்தால் உபயோகப்படட்டும் என்று சிலவற்றை இங்கே தருகிறேன்.

லு மூர் எ ஃபிசூரே: சுவர் வெடித்திருக்கிறது.
லு துவா ஃபுயி: கூரை ஒழுகுகிறது.
லா போர்த் நு ஃபெர்ம் பா: கதவு சாத்தாது.
லா செரூர் எ ரூயியே: பூட்டு துருப்பிடித்திருக்கிறது.
இல் மாங்க் ஊன் வித்ர்: ஒரு கண்ணாடியைக் காணோம்.
லு புயி எத் அ செக்: கிணறு வற்றிக் கிடக்கிறது.
லு புவா எ பூரி: மரம் உளுத்துவிட்டது.

என்ன இசை! லா செரூர் எ ரூயியே. துருப்பிடித்த பூட்டுக்கு இப்படி ஒரு தாலாட்டா என்று ஏரித் தண்ணீரைப் பார்த்து உருகி நின்றேன். (பூரி என்றால் உளுத்தது. பிற்காலத்தில் சேலத்து ஓட்டல்களில் பூரி வந்தபோது என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை.)

முப்பது வாக்கியம் மனப்பாடமான பிறகுதான் ஒன்று உறைத்தது. நல்லதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. சவரிநாதன் வேலை பார்த்தது பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசில். குடியிருந்தவர்கள் காலி செய்யும்போது போய், என்னென்ன கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதி வருவது அவன் உத்தியோகம். அதைத்தான் எனக்கும் எழுதி அனுப்பியிருந்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: நல்ல நிலையில் இருப்பதைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதுவதில்லை. அவசியமானால் ‘பா’ என்று சேர்த்துக்கொள். இல்லை என்று அர்த்தமாகும்.

மறுபடி எழுதிக் கேட்க நாள் இல்லை. முசே பெர்னார் சனிக்கிழமை வருகிறார்.

குறை காட்டி விரிப்பது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால், அப்புறம் நடந்தது உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஆட்கள் சேலையை விரித்தால் முதலில் காட்டுவது அதன் குறையை. எங்கோ ஒரு இழை தப்பியிருக்கும். தேடிப்பிடித்து அதைக் காட்டி, “பாருங்க, இப்படி ஆகிப்போச்சுங்க” என்பார்கள். குறையே இல்லாவிட்டால் சாயம் கொஞ்சம் மட்டு என்பார்கள். வாங்குகிறவர் உடனே, “அட, இதெல்லாம் ஒரு குறையாங்க? சேலை தங்கமாட்டம் இருக்குது” என்று சொல்ல வேண்டும். நம் பொருளை நாமே புகழ்ந்தால் கண் பட்டுவிடும். அடுத்தவர் வாயால் புகழ்ந்தால்தான் மரியாதை. அந்த ‘அட’ வந்த பிறகுதான் விலைப் பேச்சு.

துணிக்கு மட்டுமல்ல. ஏழு வகைக் கறி சமைத்துவிட்டு, ஏதோ கஞ்சித்தண்ணி, குடித்துவிட்டுப் போங்கள் என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், பிள்ளை கொஞ்சம் மாநிறம்தான் என்று பெண்ணின் அப்பாவே ஆரம்பிப்பார். எல்லோரும் ‘அட’ சொல்வார்கள். உலகம் ஓடும்.

அந்த ‘அட’ தெரியாத ஊர்க்காரர்களிடம் மாட்டினால்தான் ஆபத்து. நான் ஆறாவது முடித்தபோது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியரிடம் என் அப்பா என்னை அழைத்துப்போய், “பையனுக்கு ஒன்னும் ஏறலீங்க, மரமண்டைங்க” என்று பணிவோடு சொன்னார். ஆசிரியர் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு என்னை இன்னொரு வருடம் ஆறாவதிலேயே உட்கார வைத்தார். “என்ன மனுசன்டா அவன், நாஞ் சொன்னத அப்படியே நம்பிப்புட்டான்” என்றார் அப்பா, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது.

இந்த அனுபவம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

பென்சில் ஓடியது

இப்போது அந்த விரலுக்குத் திரும்பலாம்.

சனிக்கிழமை காலை. சேலத்திலிருந்து வாடகைக் காரில் வந்து, தடம் முடிந்த இடத்தில் இறங்கி, சோளத்துக்கு நடுவே வெள்ளைத் தொப்பி மட்டும் மிதக்க நடந்து வந்தார் முசே பெர்னார். கையில் குடை, பையில் நோட்டுப் புத்தகம், காதில் பென்சில். ‘போன்ஷூர்’ என்றேன். அவர் என்னமோ மழையாகப் பொழிந்தார். மறுபடி ‘போன்ஷூர்’ என்றேன்.

உள்ளே வந்து சுவரில் விரலை வைத்தார். மாமா தொண்டையைச் செருமினார். சேலையை விரிக்கும் முன் செருமும் அதே செருமல்.

“செவுரு கொஞ்சம் வெடிப்புங்க,” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதல் பேச்சே என் பட்டியலின் முதல் வாக்கியம். “லு மூர் எ ஃபிசூரே” என்றேன் கணீரென்று.

முசே பெர்னார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரை முகர்வது போல் குனிந்தார். வெடிப்பைக் காணாமல், கையை விரித்து எங்கே என்று கேட்டார். மாமாவிடம் சொன்னேன். மாமா திகைத்துவிட்டார். இருபத்தைந்து வருட வியாபாரத்தில் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ‘அட’ அல்லவா வரவேண்டும்? மரியாதைக்காக ஒரு மூலையைத் தேடி, பல்லி போன தடம் போல் இருந்த எதையோ காட்டினார்.

“உய்,” என்றார் முசே பெர்னார். ஆமாம் என்று அர்த்தம். எழுதிக்கொண்டார்.

மாமா முகம் சுண்டிப்போனது. என் காதருகே வந்து, “ஏன் மாப்ளே, இந்த ஆளு அதெல்லாம் இல்லீங்கன்னு சொல்லமாட்டாரா?” என்றார். தெரியவில்லையே மாமா என்றேன். கொஞ்சம் யோசித்தார். சின்னக் குறையாக இருப்பதால் மறுக்காமல் விடுகிறார் போலிருக்கிறது, பெரிதாகச் சொன்னால் மறுத்துத்தானே ஆகவேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

அங்கே ஆரம்பித்தது நாசம்.

கதவு சாத்தாது என்றார் மாமா. தூங்கும் குழந்தையின் இமை போல் சாத்தும் கதவு அது. நான் மொழிபெயர்த்தேன். பென்சில் ஓடியது. ஓடு ஒழுகும் என்றார். ஓடியது. நாலு கண்ணாடியும் நாலாகவே ஜொலித்துக்கொண்டிருக்க, ஒன்றைக் காணோம் என்றேன் நான், மாமா கேட்காமலே. அந்த வாக்கியம் வீணாகப் போகிறதே என்ற ஆற்றாமை. முசே பெர்னார் எண்ணினார். நாலு. ஐந்தாவது எங்கே இருந்திருக்கும் என்று தேடினார். எழுதிக்கொண்டார்.

கிணற்றடிக்குப் போனோம். கிணறு நிறையத் தண்ணீர், அதில் எங்கள் மூன்று தலையும் ஆடிக்கொண்டிருந்தன. கிணறு வற்றிக் கிடக்கிறது என்றார் மாமா. அவர் குரலில் இப்போது கெஞ்சல் வந்துவிட்டது. இதையாவது மறுத்துத் தொலையேன் என்ற கெஞ்சல். நான் சொன்னேன். முசே பெர்னார் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மேற்கு அறையில் தறிக்குழியின் பலகையைக் காலால் தட்டினார். இது என்ன என்று கேட்டார். குழி என்பதற்குப் பட்டியலில் சொல் இருந்தது, தறிக்கு இல்லை. குழி என்றேன். வீட்டுக்குள்ளா என்பது போல் தரையைக் காட்டினார். “உய்” என்றேன்.

மாமா வெறிபிடித்தவர் போல் ஆகிவிட்டார். வேர்வையைத் துடைத்துவிட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார். “மொத்தத்துல இந்த ஊட்ல மனுசன் குடியிருக்க முடியாதுங்க,” என்றார்.

நாற்பதாவது வாக்கியம். சவரிநாதன் அதற்கு அடிக்கோடே போட்டிருந்தான். கண்ணை மூடி, கவிதை போல் சொன்னேன்: “லா மேசோன் எத் இனாபித்தாப்ள்.” என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் பிரெஞ்சு பேசியதில்லை.

முசே பெர்னார் நோட்டை மூடினார். பென்சிலைக் காதில் செருகினார். தொப்பியை எடுத்தார்.

அத்தை தட்டைக் கீழே வைத்தாள்

பலகாரம் எடுக்க முதலிலேயே உள்ளே போயிருந்த அத்தை, வெல்லக் கச்சாயம் அடுக்கிய தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தொப்பி எழும்பியதைப் பார்த்தாள்.

“எதுக்குச் சாமி தொப்பிய எடுக்கறாரு?”

நடந்ததைச் சொன்னேன். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா மேலே ஓடுகளைப் பார்த்தார். அத்தை தட்டைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்தில் ஒரு கச்சாயம் உருண்டு முசே பெர்னாரின் பூட்சில் மோதி நின்றது.

பிறகு அவள் செய்ததை எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் செய்ததில்லை. பட்டப்பகலில், வேற்று ஆள் முன்னால், தன் வீட்டைத் தானே புகழ ஆரம்பித்தாள்.

“இந்தச் செவுத்துல யானை வந்து முட்டுனா யானைக்குத்தான் தலவலி வரும். சொல்லு சாமி.”

என்ன சொல்வேன்? என்னிடம் யானையும் இல்லை, தலைவலியும் இல்லை. இருந்தது ஒரு ‘பா’. “லு மூர்... பா ஃபிசூரே” என்றேன். வெடிக்கவில்லை. முசே பெர்னார் தொப்பியை இறக்கினார்.

அத்தை நிற்கவில்லை. ஓடுகளைக் காட்டி, பதினோரு மழைக்கு ஒரு பாத்திரம் கீழே வைத்ததில்லை என்றாள். பா ஒழுகல். பூட்டைக் காட்டினாள். பா துரு. கதவைச் சாத்தித் திறந்து சாத்தினாள். பா, பா என்று நான் ஆட்டுக்குட்டி போல் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். கிணற்றில் வாளியை விட்டாள், உருளை அலறியது, ஏந்திய அவர் கையில் தண்ணீரை ஊற்றினாள். குடித்தார். “ஆ,” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே தோளைப் பிடித்து நிறுத்தினாள். சிவப்பும் பச்சையும் அவர் வழுக்கைத் தலையில் விழுந்தன. மேற்கு அறையில் பலகையைத் தூக்கி எறிந்து, குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, இல்லாத தறியை மிதித்து, இல்லாத நாடாவை இடமும் வலமுமாக நூல் ஓட எறிந்து காட்டினாள். அவர் முகம் விளக்கேற்றியது போல் மலர்ந்தது. குழி என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. நோட்டைத் திறந்து, எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். ஐந்தாவது கண்ணாடியையும்கூட.

மாமாவிடம் வந்து, ஏதோ சொல்லி, கையை நீட்டினார். வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

மாமா கணக்கு

மாமா கையைக் கொடுக்கவில்லை. பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக ஒரு மனுஷியைப் பார்ப்பது போல.

“விக்கறதில்லன்னு சொல்லு மாப்ளே.”

ஏன் என்று கேட்டேன்.

“பதினோரு வருசத்துல இந்த ஊடு நல்லாருக்குன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்லிப்புட்டா. அப்பறம் எதுக்கு விக்கோணும்?” முகமெல்லாம் பல்.

குடம் கிணற்று விளிம்புக்கு வந்த பிறகு கயிறு அறுந்தால் ஒரு பெண் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள் அத்தை. தான் விழுந்த குழியைத் தானே வெட்டிக்கொண்டது போலாயிற்று. பிறகு, சத்தமே போடாமல் சொன்னாள்.

“ஊடு நல்ல ஊடுதானுங்க. நா எப்ப இல்லீன்னேன்? பேசத்தான் ஆளில்ல.”

“ஏம்புள்ள, நா இல்லியா?”

“நீங்க சந்தையில பேசறீங்க. எங்கிட்ட எப்பப் பேசுனீங்க? நேத்து வந்ததுலருந்து எண்ணிப் பாருங்க. சோறு. மோரு. வெளக்க அமத்து. அம்புட்டுத்தான்.”

மாமா உண்மையாகவே எண்ணினார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

“துண்டு எங்கேன்னும் கேட்டேன்,” என்றார்.

“செரி. அதையுஞ் சேத்துக்குங்க.”

மாமா மடக்கிய விரல்களைப் பார்த்தபடியே நின்றார். நாலு விரல். கட்டைவிரல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

என்ன நடக்கிறது என்று முசே பெர்னார் கண்ணாலேயே என்னைக் கேட்டார். நாற்பது வாக்கியங்களையும் மனசுக்குள் புரட்டினேன். கூரை, பூட்டு, கண்ணாடி, கிணறு. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் நானாக ஒன்று கட்டினேன். “செ பா லா மேசோன்.” வீடு அல்ல விஷயம்.

அவர் “ஆ” என்றார். இந்த முறை தண்ணீர் குடித்த ‘ஆ’ அல்ல. அவருக்கும் எப்போதோ ஒரு மதாம் இருந்திருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உருண்டு வந்த கச்சாயத்தை எடுத்து ஊதித் தின்ன ஆரம்பித்தார். காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

அவர் இரண்டாவது கச்சாயம் முடிக்கும்போது மாமா வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முசே பெர்னாரின் வலது கையை மூடி, உள்ளே தன் கையை விட்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் அடுத்தவர் கண்ணில் படாமல் விரலைப் பிடித்துப் பேசுவார்களே, அது. முசே பெர்னாருக்கு அது தெரியாது. ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். துண்டுக்குள் நெடுநேரம் என்னவோ அசைந்தது. யார் யாருடைய எந்த விரலைப் பிடித்தார்களோ, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையை வெளியே எடுத்தார்கள்.

பேளுக்குறிச்சி தாண்டி

பத்திரம் முடிந்து சாமான் ஏற்றிய காலையில் நானும் போயிருந்தேன். ஒற்றை வண்டி. பாத்திர மூட்டை, நூல் மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே அத்தை. மாமாவும் நானும் பின்னால் நடந்தோம். மாமா வழக்கம்போலப் பேசவில்லை.

வண்டி நகர்ந்ததும் அத்தை ஆரம்பித்தாள். வண்டிக்காரரிடம்தான். முதல் வருடத்துச் சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கியது, மூன்றாம் வருடத்துப் புயலில் முருங்கை சாய்ந்தது, நடுவில் ஒரு பாம்பு வந்து பால் சட்டியை மோந்துவிட்டுப் போனது. பதினோரு வருடத்தையும் வருடம் தப்பாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் வண்டிக்காரர் ‘ஆமாங்க’ என்றார். பிறகு ‘ம்’ என்றார். பிறகு, மேடு ஏறுகிறது, மாட்டுக்குப் பாரம் என்று இறங்கி நடந்தார். அங்கே மேடே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தோசைக்கல் மாதிரி பூமி.

அத்தை மாடுகளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பேளுக்குறிச்சி தாண்டியிருப்போம். வெயில் ஏறிவிட்டது. மாமா திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார். நாலெட்டு ஓடி வண்டியின் பின்கட்டையைப் பிடித்துத் தொற்றி ஏறினார். நூல் மூட்டையைக் கொஞ்சம் தள்ளி, அத்தைக்குப் பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்தார். ஐந்தாம் வருடத்தில், கிணற்றில் விழுந்த கோழியை எடுக்கும் இடத்தில் இருந்த அத்தை, அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மாமா எதிரே பாதையைப் பார்த்தபடி, ரொம்பக் கஷ்டப்பட்டு, தனக்குத் தெரியாத ஒரு பாஷையில் பேசுகிறவர் போலக் கேட்டார்.

“அப்பறம்?”